இயங்கத் தொடங்காத இடங்காட்டிக் கருவி: திருத்தும் முறையும் பதிவுகளைக் காக்கும் வழியும்

வயலை அளப்பதற்கு முன்னாளிற் கயிறும் முளையும் போதியனவாக இருந்தன. இன்று அவற்றோடு ஜீ. பீ. எஸ். எனப்படும் இடங்காட்டிக் கருவியும் கமக்காரரின் பயன்பாட்டுக்கு எட்டியுள்ளது. உள்ளங்கையில் அடங்கும் இக்கருவி, வானிற் சுற்றும் செய்மதிகளிலிருந்து வரும் சமிக்ஞைகளை ஏற்று, தான் இருக்கும் இடத்தின் அகலாங்கையும் நெட்டாங்கையும் கணித்துக் காட்டும். வயலின் எல்லை, கிணறு, மண் மாதிரி எடுத்த இடம், வெள்ளத்தால் அழிவதற்கு முன் வரம்பு ஓடிய வழி என்பனவற்றை நாம் குறித்து வைத்தால், அவற்றை அது தன் நினைவிற் காத்து வைக்கும்.

இத்தகைய கருவி ஒருநாட் காலையிற் பொத்தானை அழுத்தியும் விழிக்காது போகலாம். அல்லது தயாரித்தோரின் இலச்சினையைத் திரையிற் காட்டியவாறே அசையாது நின்றுவிடலாம். அப்பொழுது, "இது செத்துவிட்டது" என்று பெட்டியுள் எறிந்துவிடுவோரும் உளர். பட்டினத்துக் கடையிற் கொடுத்து, "எப்படியாவது ஓடச் செய்து தாருங்கள்" என்போரும் உளர். முன்னைய செயலால் நல்ல கருவியொன்று வீணாகும். பின்னைய செயலால் அதனினும் பெறுமதி கூடிய பொருளொன்று அழியலாம். நின்றுபோன கருவியை எழுப்புவதற்கு மிக எளிய வழி அதன் நினைவு முழுவதையும் துடைத்துவிடுதலே. கருவி ஓடும், ஆனால், ஒரு போகம் முழுவதும் சேற்றில் நடந்து சேர்த்த புள்ளிகள் அதில் இரா. கருவியை வேறொன்று வாங்கி ஈடுசெய்யலாம். வெள்ளம் வரம்பை அழித்த பின்னர், வரம்பு இருந்த காலத்தே குறித்த புள்ளிகளை எங்கும் வாங்க முடியாது.

ஆதலால், தீங்கற்ற பரிசோதனைகளை முதலிலும், நினைவைத் தொடும் செயல்களைப் பின்னரும், நினைவைத் துடைப்பதை இறுதியிலும் செய்தல் வேண்டும். இவ்வொழுங்கை மாற்றலாகாது. ஈண்டுக் கூறப்படுவன பெரும்பாலும் இரண்டு சிறு பற்றரிகளால் இயங்கும் கைக்கருவிகளுக்கு உரியன. காமின் நிறுவனத்தாரின் ஈட்ரெக்ஸ் அத்தகைய வகைகளுள் ஒன்றாகும். பிற வகைகளுக்கும் இம்முறை பொருந்தும். பொத்தான்களின் இடமும் பெயருமே வேறுபடும்.

குறியை முதலில் நோக்குக

மாட்டுக்கு நோய் வந்தால் மருந்தெடுக்க ஓடுமுன் அது தின்கிறதா, அசைபோடுகிறதா என்று பார்ப்பது நம் வழக்கம். கருவிக்கும் அவ்வாறே. பொத்தானை மூன்று நான்கு வினாடிகள் அழுத்திப் பிடித்து, என்ன நிகழ்கிறது என்பதைக் கவனிக்க.

யாதோர் ஒளியும் ஒலியும் இல்லையாயின், மின் போய்ச் சேரவில்லை என்று எண்ணுவதே முறை. இலச்சினை தோன்றி உடனே திரை இருண்டுவிடுமாயின், அதுவும் பெரும்பாலும் மின்னின் குறையேயாகும். தொடக்கத்திற் சிறிதளவு மின் போதியதாயிருந்து, திரையும் சமிக்ஞை வாங்கியும் ஒருங்கே இயங்கத் தொடங்கியதும் பற்றரி தளர்ந்துவிடுகிறது. இலச்சினை தோன்றி, அணையாமலும் மேலே செல்லாமலும் பல நிமிடங்கள் நிற்குமாயின், மின் போதியதாக உள்ளது. நினைவிலுள்ள யாதோ ஒரு பதிவை வாசிக்க மாட்டாமற் கருவி திணறுகிறது என்று கொள்ளலாம். இவை மூன்றும் இன்றி, கருவி முற்றாக விழித்தும் இடத்தை மட்டும் காட்டாதிருப்பதும் உண்டு. அது பழுதன்று, அதனைப் பின்னர்க் கூறுவோம்.

வெயிலில் நின்று பார்க்கும்போது திரையின் ஒளி மங்கிக் கருவி அணைந்தது போலத் தோன்றுவதும் உண்டு. நிழலிற் கொண்டுபோய்க் கையால் மறைத்துப் பார்த்த பின்னரே முடிவுக்கு வருதல் நன்று.

பற்றரியும் அதன் பற்றுமுனைகளும்

"புதுப் பற்றரிதான் போட்டேன்" என்ற சொல்லை ஏற்றுக்கொள்ளற்க. கடையில் நெடுநாள் வெயிலிற் கிடந்த பற்றரியும் புதியது என்றே விற்கப்படுகிறது. சுவர்க்கடிகாரத்தை ஓட்டும் பற்றரி இடங்காட்டியை எழுப்பும் என்று நம்புவதும் தவறு. கடிகாரம் மிகச் சிறிதளவு மின்னையே உண்பது. இடங்காட்டி அதனினும் பன்மடங்கு வேண்டுவது. இரண்டு பற்றரிகளும் ஒரே வகையினவாயும் ஒரே நாளிற் பிரிக்கப்பட்டனவாயும் இருத்தல் வேண்டும். ஒன்று புதியதும் மற்றையது பழையதுமாகப் போட்டால், பழையது புதியதையும் இழுத்துக்கொண்டு தளரும்.

சாதாரண அல்கலைன் பற்றரியின் அழுத்தம் 1.5 வோல்ற்று, திரும்பத் திரும்ப மின்னேற்றத்தக்க நிக்கல் வகையின் அழுத்தம் 1.2 வோல்ற்று. எவ்வகைப் பற்றரி போடப்பட்டுள்ளது என்பதைக் கருவிக்குத் தெரிவிக்கும் ஏற்பாடு பல கருவிகளில் உண்டு. மின்னேற்றத்தக்க பற்றரியைப் போட்டுவிட்டு, அமைப்பில் அல்கலைன் என்றே விட்டிருந்தால், நிறைந்த பற்றரியையும் தீர்ந்தது என்று கருவி தவறாக எண்ணி முற்கூட்டியே அணைந்துவிடும்.

பற்றரியை மாற்றியும் பயனில்லையாயின், பற்றரி அறையை நல்ல வெளிச்சத்திற் பார்க்க. நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் கருவிகள் கெடுவதற்குப் பெருங்காரணம் இவ்வறையிலேயே உள்ளது. ஒரு போகம் முடிந்ததும் பற்றரியைக் கழற்றாமல் அடுத்த போகம் வரை வைத்துவிட்டால், அது கசிந்து, சுருள்வில்லிலும் தகட்டிலும் வெண்மையாகவோ நீலம் கலந்த பச்சையாகவோ ஒரு பூப்புப் படிந்திருக்கும். அப்பூப்பு மின்னைத் தடுக்கும். புதிய பற்றரி எத்தனை போட்டாலும் கருவி விழிக்காது.

அல்கலைன் பற்றரியிலிருந்து கசிவது காரப் பொருள். ஆதலால் அதனைப் புளிப்புப் பொருளால் நீக்குதல் வேண்டும். இதற்கென மருந்து தேட வேண்டியதில்லை; வினாகிரியோ தேசிக்காய்ச் சாறோ போதும். பற்றரிகளைக் கழற்றிவிட்டு, ஈர்க்கின் நுனியிற் சிறிது பஞ்சைச் சுற்றி, சாற்றில் நனைத்து, ஒட்டப் பிழிந்து, பூப்புள்ள இடத்தில் மட்டும் மெல்லத் தேய்க்க. சிறு நுரை எழும்பி அடங்கும். சாறு உள்ளே வழியும்படி ஊற்றுதல் ஆகாது. பூப்பு நீங்கியதும் நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் ஒருமுறையும், மருந்துக்கடையிற் கிடைக்கும் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் மற்றொரு முறையும் துடைத்து, மூடியைத் திறந்தவாறே காற்றில் உலர விடுக. புளிப்பைத் துடைக்காமல் விட்டால் அதுவே பின்னர்த் தகட்டை அரிக்கும். உலர்ந்த பின்னும் தகடு கறுத்திருந்தால், பாடசாலைப் பிள்ளைகளின் அழிறப்பரால் உரசிப் பளபளப்பாக்கலாம். அரத்தாளால் உரசலாகாது, தகட்டின் மேலுள்ள மெல்லிய பூச்சு போய்விடும். கசிந்த பொருள் கையிற் பட்டால் நீராற் கழுவுக. கண்ணைத் தொடாதிருத்தல் வேண்டும்.

பசளையும் இதே கேட்டைச் செய்யும். யூரியாவும் பொட்டாசும் விசிறிய கையோடு கருவியைத் திறப்போர் பலர். ஈரத்தை உறிஞ்சும் அப்பசளைத் துகள்கள் உலோகத்தின்மேற் படிந்தால் அரிப்பு விரைவில் உண்டாகும். கையைக் கழுவித் துடைத்த பின்னரே மூடியைத் திறத்தல் வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கை நீக்க மண்ணெண்ணெயோ பெற்றோலோ இடுவது இயந்திரங்களுக்கு ஒக்கும், இக்கருவிக்கு ஒவ்வாது. மூடியைச் சுற்றியுள்ள இறப்பர் வளையம் அவற்றால் ஊதிப் பருத்து, நீர் புக வழிவிடும்.

சுருள்வில் தளர்ந்திருப்பது மற்றொரு காரணம். இரு சில்லு உழவு இயந்திரத்திற் கருவியைக் கட்டிக்கொண்டு போகும்போது, அதிர்ச்சியால் பற்றரி ஒரு கணம் வில்லை விட்டு விலகும். அக்கணமே கருவி அணையும். அது பதிவு எழுதிக்கொண்டிருந்த வேளையாயின் அப்பதிவும் பாதியில் முறியும். பின்னர்க் கூறப்போகும் இலச்சினையில் நிற்கும் நோய்க்கு இவ்வதிர்ச்சியும் ஒரு வித்தாகும். வில்லை ஈர்க்கினால் மெல்ல வெளியே இழுத்துவிட்டால் மீண்டும் இறுகப் பற்றும். ஊசியோ கம்பியோ கொண்டு இழுப்பது, இரு முனைகளையும் ஒருங்கே தொட்டுக் கேடு செய்யக்கூடும்.

இவை யாவும் செய்த பின்னரும் ஐயம் இருந்தால், எளிய பரிசோதனை ஒன்றுண்டு. பற்றரிகளை முற்றாகக் கழற்றிவிட்டு, கருவியின் யு. எஸ். பி. வயரைக் கைத்தொலைபேசி மின்னேற்றியிற் பூட்டிப் பார்க்க. வெளிமின்னால் இயங்கத்தக்க கருவி அப்பொழுது விழித்துக்கொண்டால், பழுது பற்றரியிலோ அதன் அறையிலோதான் உள்ளது என்பது ஐயமறத் தெளிவாகும்.

கழற்ற முடியாத இலிதியம் பற்றரி உள்ளே அமைந்த கருவிகளும் உள. அவை முற்றாக வெறுமையான பின்னர் மின்னேற்றியிற் பூட்டினாலும் உடனே யாதொரு குறியும் காட்டா. அரை மணி நேரம் பொறுத்துப் பார்க்க. கருவியின் முதுகு ஊதிப் புடைத்திருந்தால் மின்னேற்றலை நிறுத்தி, குத்தாமலும் வெயிலில் வைக்காமலும் திருத்துநரிடம் ஒப்படைத்தல் வேண்டும். அப்பற்றரி தீப்பற்றக் கூடியது.

நீரில் விழுந்த கருவி

இக்கருவிகளுட் பல, 1 மீற்றர் ஆழ நீரில் 30 நிமிடம் கிடந்தாலும் நீர் புகாத தரத்தில் அமைந்தவை. ஆனால் அத்தரம் மூடி சரியாகப் பூட்டப்பட்டு, இறப்பர் வளையத்தில் மணலோ வைக்கோல் துரும்போ இல்லாதபோதே செல்லும். நாற்றங்காலிலோ வாய்க்காலிலோ விழுந்த கருவியை எடுத்ததும் பொத்தானை அழுத்திப் பார்க்க எவர்க்கும் ஆவல் எழும். அவ்வாறு அழுத்தலாகாது. உடனே பற்றரியைக் கழற்றி, சேற்றை நன்னீராற் கழுவி, மூடிகளைத் திறந்து, நிழலிற் காற்றோட்டமான இடத்தில் இரண்டு மூன்று நாள் வைக்க. அரிசிப் பானைக்குட் புதைத்து வைத்தால் ஈரம் நீங்கும் என்று எங்கும் பேசப்படுகிறது. நெல் விளைவிப்போர்க்கு அரிசியின்மேல் இருக்கும் நம்பிக்கை நியாயமானதே; எனினும் இக்காரியத்தில் திறந்த காற்றினும் அரிசி சிறந்ததன்று. அதன் தூளும் மாவும் துளைகளிற் புகுந்து புதிய தொல்லை தரும்.

இலச்சினையில் நின்றுவிடும் கருவி

இனிக் கூறப்போவது நினைவைத் தொடும் வேலை. இங்கே அவசரம் ஆகாது.

கருவி தொடங்கும்போது, தன் நினைவிலுள்ள நிலப்படம், குறித்த புள்ளிகள், நடந்த வழித்தடம் ஆகிய யாவற்றையும் ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே எழும். அவற்றுள் ஒன்று முறிந்திருந்தால், சிலவேளைகளில் அவ்விடத்திலேயே தடுமாறி நின்றுவிடும். எழுதிக்கொண்டிருக்கையிற் பற்றரி தீர்ந்து போதல், கணினியிலிருந்து வயரைத் திடீரெனப் பிடுங்குதல், நினைவு நிரம்பி வழிதல் என்பனவற்றால் இவ்வாறு முறியும். கருவியின் உறுப்பு எதுவும் கெடவில்லை. ஏட்டில் ஓர் இதழ் கிழிந்திருக்கிறது, அவ்வளவே.

முதலில் மெமரி காட் உள்ளதா என்று பார்க்க. பெரும்பாலும் அது பற்றரிகளின் கீழே செருகப்பட்டிருக்கும். அதனைக் கழற்றிவிட்டுக் கருவியைத் தொடக்குக. தொடங்கிவிட்டால் குற்றம் காட்டில் உள்ளது. அந்தக் காட்டை வீசிவிடாமல், கணினியிற் செருகி அதிலுள்ளவற்றைப் படியெடுத்துக்கொள்ளல் வேண்டும்.

காட்டைக் கழற்றியும் பயனில்லையாயின், கணினி வேண்டும். வீட்டில் இல்லையெனினும் பாடசாலை கற்கும் பிள்ளைகளிடமோ, போதனாசிரியரிடமோ, கிராமத்துத் தொடர்பாடல் நிலையத்திலோ கிடைக்கும். கருவியை வயரால் கணினியோடு தொடுக்க. தானாக விழிக்க மாட்டாத கருவியும் கணினிக்கு வெறும் நினைவுப் பெட்டியாகத் தன்னைக் காட்டக் கூடும். ஈட்ரெக்ஸ் 20, 30 ஆகியவற்றில், முன்புறமுள்ள சிறு குமிழை மேல்நோக்கித் தள்ளிப் பிடித்தவாறே வயரைப் பூட்டி, அரை நிமிடம் வரை விடாது பிடித்திருந்தால், இலச்சினையிற் சிக்காமற் கணினியோடு இணையும். பிற கருவிகளுக்கு உரிய பொத்தானைக் கைந்நூலிற் காணலாம். கணினி ஒன்றும் காட்டவில்லையாயின், வயரை மாற்றிப் பார்க்க. தொலைபேசிக்கு மின்னேற்ற மட்டும் உதவும் வயர்கள் பல விற்கப்படுகின்றன. அவற்றின் வழியே பதிவுகள் செல்லா.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. "இதனைப் பயன்படுத்து முன் வடிவமைத்தல் வேண்டும், செய்யட்டுமா?" என்ற பொருளிற் கணினி ஒரு வினாவை எழுப்பலாம். அதற்கு "ஆம்" என்று விடைகூறினால் நினைவிலுள்ள யாவும் போய்விடும். "வேண்டாம்" என்று விடுத்து, வயரைக் கழற்றி, அறிந்த ஒருவரிடம் கொண்டுசெல்க. அந்நிலையிலும் பதிவுகளை மீட்கத்தக்க மென்பொருள்கள் உள.

கோப்புறைகள் தோன்றுமாயின், எதனையும் அழிக்குமுன், யாவற்றையும் அப்படியே கணினியிற் படியெடுக்க. எவை தேவை, எவை வேண்டாதவை என்று அப்பொழுது ஆராய வேண்டியதில்லை. படியெடுத்த பின்னரே திருத்தம் தொடங்கலாம். காமின் கருவிகளில் குறித்த புள்ளிகளும் வழித்தடங்களும் ஜீ. பீ. எக்ஸ். என்னும் பெயருள்ள கோப்புறையில் இருக்கும். அவற்றுள் இறுதியாக எழுதப்பட்ட கோப்பின்மேலேயே ஐயம் கொள்ளல் வேண்டும். முறிந்தது பெரும்பாலும் அதுவேயாகும். அன்றைய வழித்தடக் கோப்பும் ஐயத்துக்குரியது. அவ்விரண்டையும் கருவியிலிருந்து அகற்றி, கணினியில் முறைப்படி விடுவித்த பின்னர் வயரைக் கழற்றிக் கருவியைத் தொடக்குக. தொடங்காவிடின் மீதிக் கோப்புக்களையும் அகற்றிப் பார்க்க. தொடங்கியதும், அகற்றியவற்றை ஒவ்வொன்றாக மீண்டும் இட்டு, ஒவ்வொரு முறையும் தொடக்கிப் பார்த்தால், முறிந்த கோப்பு எதுவெனத் தானே தெரிந்துவிடும்.

முறிந்த கோப்பையும் எறிந்துவிடற்க. இது பலர் அறியாத செய்தி. ஜீ. பீ. எக்ஸ். கோப்பு மறைகுறியால் எழுதப்பட்டதன்று; எழுத்துக்களும் எண்களுமாக எவரும் வாசிக்கத்தக்கது. கணினியிலுள்ள எளிய எழுத்து மென்பொருளால் அதனைத் திறந்தால், புள்ளி ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண்கள் எழுதப்பட்டிருக்கக் காணலாம். இலங்கையில் எடுத்த புள்ளியாயின் முதல் எண் 5 முதல் 9 வரையுள்ள இலக்கத்திலும், இரண்டாவது 79, 80, 81 என்பவற்றுள் ஒன்றிலும் தொடங்கும். முன்னது அகலாங்கு, பின்னது நெட்டாங்கு. கோப்பின் இறுதி வரி பாதியில் அறுந்திருப்பினும், அதற்கு மேலுள்ள வரிகள் பழுதின்றி இருக்கும். அவ்வெண்களைக் கையாலேயே கொப்பியில் எழுதி, கருவியில் மீண்டும் புகுத்தலாம். நூறு புள்ளிகள் உடைய வயலுக்கு அது ஒருநாள் வேலை. எனினும் அழிந்துபோன வரம்பை அதனினும் மலிவாக மீட்க வேறு வழியில்லை.

நினைவைத் துடைத்தல்

மேற்கூறியவை யாவும் பயனற்றுப் போன பின்னரே இதனை எண்ணலாம். சில பொத்தான்களை ஒருங்கே அழுத்திப் பிடித்து மின்னூட்டினால், கருவி தொழிற்சாலையில் இருந்து வந்த நாளின் நிலைக்குத் திரும்பும். எப்பொத்தான்கள் என்பது கருவிக்குக் கருவி வேறுபடும். பற்றரியைக் கழற்றிச் சிறிது நேரம் வைத்திருந்து மீண்டும் பூட்டுவது இதுவன்று. அதனால் யாதும் அழியாது, எப்பொழுதும் செய்து பார்க்கலாம்.

திருத்துநரிடம் கருவியைக் கொடுக்கும்போது, "உள்ளே உள்ள பதிவுகள் எனக்கு வேண்டும், என்னைக் கேளாமல் நினைவைத் துடைக்க வேண்டாம்" என்று ஒரு துண்டில் எழுதிக் கருவியோடு கட்டிக் கொடுத்தல் நன்று. வாய்ச்சொல் கடைப்பையனோடு நின்றுவிடும். திருத்துநரைக் குறைகூறுவதற்கில்லை, ஓடச் செய்யுமாறு கேட்டவருக்கு அவர் ஓடச் செய்து கொடுக்கிறார்.

துடைத்த கருவியில் அமைப்புக்கள் யாவும் மாறியிருக்கும். பற்றரி வகை, நேரம், அளவை அலகு என்பனவற்றை மீண்டும் அமைத்தல் வேண்டும். இலங்கை நேரம் உலகப் பொதுநேரத்துக்கு ஐந்தரை மணி முந்தியது. மற்றுமொன்றையும் கவனித்தல் வேண்டும். கருவிகள் இயல்பாக டபிள்யூ. ஜீ. எஸ். 84 என்னும் அளவுத்தளத்தைக் கைக்கொள்வன. இலங்கையின் பழைய நிலப்படங்கள் கண்டவல அளவுத்தளத்தில் ஆனவை. எவரேனும் உங்கள் கருவியைக் கண்டவல அளவுத்தளத்துக்கு அமைத்து, திரையிற் கண்ட எண்களைக் கொப்பியில் எழுதி வைத்திருந்தால், துடைத்த பின்னர் அதே எண்கள் ஏறத்தாழ 200 மீற்றருக்கு மேல் விலகிய ஓரிடத்தைக் காட்டும். கருவி பொய் சொல்கிறது என்று எண்ணி அயலவரோடு பிணக்குக் கொள்ளுமுன் இவ்வமைப்பை நோக்குக.

விழித்தும் இடங்காட்டாத கருவி

முன்னர்க் கூறுவதாகச் சொன்ன நாலாவது குறி இது. செய்மதிகள் நிலத்திலிருந்து ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் உள்ளன. அங்கிருந்து வரும் சமிக்ஞை மிக நலிந்தது; தகரக் கூரையின் கீழும் அடர்ந்த தென்னஞ்சோலையிலும் தடைப்படும். இடத்தைச் செவ்வனே கணிக்க, குறைந்தது நான்கு செய்மதிகள் கருவிக்குத் தென்படல் வேண்டும். பல மாதம் பெட்டியிற் கிடந்த கருவியும், நினைவு துடைக்கப்பட்ட கருவியும், எந்தச் செய்மதி எங்குள்ளது என்பதை மறந்திருக்கும். அச்செய்மதி அட்டவணை முழுவதையும் வானிலிருந்து வாங்குவதற்கு 12½ நிமிடம் செல்லும். ஆகவே முதன்முறை வெட்டவெளியில், வரப்பின் மேலோ களத்து மேட்டிலோ வைத்து, அசையாமல் 20 நிமிடம் பொறுத்திருக்க. ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு அணைத்து, மறுபடியும் தொடக்கி, மறுபடியும் அணைப்போர் மாலை வரையும் இடம் காணார்.

சில பழைய கருவிகள் இடத்தைச் சரியாகக் காட்டியும் திகதியை ஏறத்தாழ இருபது ஆண்டு பின்தள்ளிக் காட்டும். இச்செய்மதிகள் வாரங்களை 1024 வரை எண்ணி மீண்டும் சுழியிலிருந்து தொடங்குவன. 1999 ஆம் ஆண்டு ஓகஸ்ற்றிலும் 2019 ஆம் ஆண்டு ஏப்பிரலிலும் அவ்வாறு திரும்பின. அடுத்த முறை 2038 ஆம் ஆண்டு நவம்பரில் நிகழும். 1024 வாரம் என்பது 19 ஆண்டும் ஏழரை மாதமும் ஆகும். உங்கள் கருவியின் திகதி அவ்வளவே பிந்தியிருந்தால் அது பழுதன்று. தயாரித்தோர் புதிய இயக்க மென்பொருள் வெளியிட்டிருப்பின் அதனை ஏற்றலாம். இன்றேல் பதிவுக்குரிய திகதியைக் கொப்பியிற் குறித்துக்கொண்டு கருவியை அப்படியே பயன்படுத்தலாம். மென்பொருளை ஏற்றும்போது நடுவில் மின் தடைப்பட்டால் கருவி மீண்டும் இலச்சினையில் நின்றுவிடும். ஆதலால் புதிய பற்றரி இட்டு, மழை இடி இல்லாத நாளில் அதனைச் செய்க.

திருத்திய கருவியைச் சோதித்தல்

திருத்தியதும் நேரே வயலை அளந்து பசளைக் கணக்குப் போடுதல் ஆகாது. நாடாவால் முன்னரே அளந்து பரப்பறிந்த ஒரு காணியைச் சுற்றி நடந்து, கருவி என்ன சொல்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க. நல்ல நிலையிலுள்ள கைக்கருவியும் திறந்த வெளியில் மூன்று முதல் ஐந்து மீற்றர் வரை பிழைக்கக்கூடியது. அப்பிழை பெரிய வயலிற் சிறிதாகவும் சிறிய தோட்டத்திற் பெரிதாகவும் தோன்றும். சதுரமான ஓர் ஏக்கர் வயலின் பக்கம் ஏறத்தாழ 64 மீற்றர். நான்கு புறமும் 3 மீற்றர் வெளியே விலகிக் குறித்துவிட்டால், ஏக்கருக்கு ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகக் காட்டும். யாழ்ப்பாணத்துச் செம்மண் தோட்டத்தில் ஒரு பரப்பு, அதாவது 10 பேர்ச்சசு, பக்கத்துக்கு 16 மீற்றரே உடையது. அங்கு அதே பிழை நேர்ந்தால் ஒரு பரப்பு ஏறக்குறைய இரண்டு பரப்பாகிவிடும். அக்கணக்கை நம்பி வெங்காயத்துக்குப் பசளை இட்டால், காசும் வீண், பயிரும் கருகும். பிழைகள் எல்லாப் புறமும் ஒரே திசையில் நேர்தல் அரிது. எனினும் சிறு தோட்டத்துக்கு நாடாவே நம்பத்தக்கது. காணி எல்லைப் பிணக்கைத் தீர்க்கவும் இக்கருவி உதவாது. அது நில அளவையாளரின் வேலை.

ஒவ்வொரு மூலையிலும் நடந்தவாறே பொத்தானை அழுத்தாமல், இரண்டு நிமிடம் நின்று குறித்தால் பிழை குறையும்.

கொப்பியும் பென்சிலும்

எல்லைப் புள்ளிகளைக் குறித்த அன்றே அவற்றின் எண்களைக் கொப்பியில் எழுதி வைத்தல் வேண்டும். பாகையைத் தசமத்தில், புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் வரை எழுதுக. ஐந்தாம் இலக்கத்தின் ஓர் அலகு நிலத்தில் ஏறத்தாழ 1.1 மீற்றராகும், அதற்குமேல் எழுதுவது இக்கருவிக்கு மிகை. புள்ளியின் பெயர், திகதி, அளவுத்தளம் என்பனவும் அருகில் இருக்கட்டும். பென்சிலால் எழுதுவதே நன்று; மை மழையிற் கரையும். போகம் முடிந்ததும் கோப்புக்களைக் கணினியிற் படியெடுத்து, பழைய வழித்தடங்களைக் கருவியிலிருந்து அகற்றிவிட்டால் நினைவும் நிரம்பாது.

பின்னர்ப் பற்றரிகளைக் கழற்றித் தனியே வைக்க. ஆணியும் சில்லறைக் காசும் கிடக்கும் தகரப் பெட்டியில் அவற்றைப் போடலாகாது. முனைகள் தொட்டுச் சூடேறும். கருவியின் இறப்பர் வளையத்தை ஈரத்துணியால் துடைத்து, மூடியை இறுக்காமற் பொருத்தி, கிருமிநாசினியும் பசளையும் வைக்கும் அறைக்கு அப்பால், ஈரம் ஏறாத இடத்தில் வைத்தல் வேண்டும்.